வன்னியில் ஆசிரியர் வெற்றிடமும் பெற்றோரின் குரலும்: தீர்மானிப்பவர் யார், அவரிடம் எப்படிக் கேட்பது?

வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து வரும் செய்திகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. பெற்றோர் பாடசாலையின் நுழைவாயிலைப் பூட்டிவிட்டு, கணித ஆசிரியரையோ விஞ்ஞான ஆசிரியரையோ அதிபரையோ கேட்டுப் பதாகைகளுடன் வீதியில் நிற்கிறார்கள். நண்பகலுக்குள் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து வாக்குறுதி கொடுக்கிறார். பூட்டுத் திறக்கப்படுகிறது. சில மாதங்களுக்குப் பின்னர் அதே பாடசாலையிலோ அயலில் உள்ள இன்னொன்றிலோ அதே கோரிக்கையுடன் பெற்றோர் மறுபடியும் நிற்கிறார்கள்.

இந்தச் செய்தியைப் படிப்பவர்களுக்கு நியாயமான இரண்டு கேள்விகள் எழுகின்றன. வாக்குறுதி கொடுத்த பின்னரும் ஆசிரியர் ஏன் வருவதில்லை என்பது ஒன்று. பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்று சொல்லும் பெற்றோரே ஏன் பாடசாலையைப் பூட்டுகிறார்கள் என்பது மற்றது. இரண்டுக்கும் விடை, வன்னியின் பாடசாலைகள் எப்படி நிர்வகிக்கப்படுகின்றன, ஆசிரியர்கள் எப்படிப் பங்கிடப்படுகிறார்கள் என்பவற்றில்தான் இருக்கிறது.

பரந்த நிலம், சிறிய பாடசாலை

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேர் வாழ்ந்தார்கள். அந்த மாவட்டத்தின் பரப்போ 2,600 சதுரக் கிலோமீற்றருக்கும் மேல். அதாவது ஒரு சதுரக் கிலோமீற்றருக்கு 40 பேர்கூட இல்லை. அதே மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்த எண் 500ஐத் தாண்டுகிறது. குளத்தையும் வயலையும் ஒட்டிக் குடியிருப்பு, அதன் பிறகு காடு, காட்டுக்கு அப்பால் அடுத்த குடியிருப்பு என்பதுதான் துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான், வவுனியா வடக்கு, மடு ஆகிய பகுதிகளின் அமைப்பு. இத்தகைய நிலத்தில் பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்தில் பாடசாலை இருக்கவேண்டுமானால், அது சிறிய பாடசாலையாகத்தான் இருக்க முடியும். எனவே வன்னியில் மாணவர் தொகை குறைந்த பாடசாலையைக் கண்டவுடன் அது தேவையற்றது என்று முடிவுகட்டுவது தவறு. அது சிறியதாக இருப்பதற்கு முதற்காரணம் நிலத்தின் அமைப்பே.

இதனோடு போரின் விளைவும் சேர்கிறது. 2008, 2009 ஆண்டுகளில் வன்னியின் பெரும்பகுதி முழுமையாக இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்டிருந்த செட்டிகுளத்தின் மனிக் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரை மீள்குடியேற்றம் கட்டம் கட்டமாக நடந்தது. ஊர் ஒரே நாளில் திரும்பி வரவில்லை. திரும்பியவர்களில் பலர் பிள்ளைகளின் படிப்புக்காக மீண்டும் நகரத்துக்குப் போனார்கள், சிலர் காணி விடுவிக்கப்படும் வரை வேறிடத்தில் காத்திருந்தார்கள். பாடசாலையின் மாணவர் தொகை ஊரின் இந்த அலைச்சலை அப்படியே பிரதிபலித்தது.

பாடசாலையின் வகையும் பாடத்தின் எண்ணிக்கையும்

இலங்கையில் அரச பாடசாலைகள் நான்கு வகைப்படும். க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ளவை 1ஏபி. உயர்தரத்தில் கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டும் உள்ளவை 1சி. தரம் 11 வரை உள்ளவை வகை 2. ஆரம்பப் பாடசாலைகள் வகை 3. வன்னியின் உட்கிராமங்களில் உள்ளவை பெரும்பாலும் கடைசி இரண்டு வகையைச் சேர்ந்தவை.

ஆசிரியர் பற்றாக்குறையின் வேர் இங்கேயே தொடங்குகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு மாணவர் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறு கட்டாயப் பாடங்களோடு தொகுதிப் பாடங்கள் மூன்றும் படிக்கவேண்டும். தரம் 10இல் 12 பிள்ளைகள் இருந்தாலும் 120 பிள்ளைகள் இருந்தாலும் பாடங்களின் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் ஒரு பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்ற கணக்கில் மாணவர் தொகைக்குப் பெரும் இடம் உண்டு. ஆகவே சிறிய பாடசாலைக்குக் கணக்குப்படி கிடைக்கவேண்டிய ஆசிரியர் எல்லோரும் கிடைத்தாலும், எல்லாப் பாடங்களுக்கும் உரிய தகைமை கொண்டவர்கள் இருப்பார்கள் என்று உறுதியில்லை. வரலாற்று ஆசிரியரே சமயத்தையும் குடியுரிமைக் கல்வியையும் கற்பிப்பது அங்கே வழமை. இதையாவது ஒருவாறு சமாளிக்கலாம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அப்படி மாற்று ஆள் பார்க்க முடியாது.

கணித ஆசிரியர் இல்லாமற் போவதன் விளைவு கணிதத்தோடு நிற்பதும் இல்லை. உயர்தர வகுப்பில் சேர, சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். தரம் 9இலிருந்து ஒழுங்கான கணித ஆசிரியரைக் காணாத பிள்ளை, கலைப் பிரிவில் படிக்க விரும்பினாலும் அந்த வாயிற்படியிலேயே தடுக்கப்படுகிறது. பெற்றோர் வீதிக்கு வரும்போது அவர்கள் கேட்பது ஒரு பாடத்துக்கான ஆளை மட்டுமல்ல, பிள்ளையின் படிப்பு 16 வயதோடு முடிந்துவிடக்கூடாது என்பதையே கேட்கிறார்கள்.

தீர்மானிக்கும் மேசை எது?

வன்னியில் பெற்றோரின் முயற்சிகளில் மிகப்பல, தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாத மேசையிலேயே முடங்கிவிடுகின்றன. அதிபரோடு சண்டை பிடிக்கிறார்கள். கோட்டக் கல்விப் பணிப்பாளரிடம் மனுக் கொடுக்கிறார்கள். இருவருக்கும் புதிய ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் இல்லை.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் பாடசாலைகள் இரு பிரிவாயின. தேசிய பாடசாலைகள் கொழும்பில் உள்ள கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன. ஏனையவை மாகாண சபையின் கீழ் வருகின்றன. வன்னியின் கிராமப் பாடசாலைகள் இரண்டாம் பிரிவில் அடங்குவதால், கேள்வி செல்லவேண்டிய பாதை பின்வருமாறு அமைகிறது.

1. அதிபர்: வெற்றிடத்தை எழுத்தில் அறிவிக்கவேண்டியவர். பெற்றோரின் முதல் ஆவணம் இவருடைய கடிதத்தின் பிரதி.

2. கோட்டக் கல்வி அலுவலகம்: மேற்பார்வை செய்து வலயத்துக்கு அறிக்கையிடுவது.

3. வலயக் கல்வி அலுவலகம்: தன் வலயத்துக்குள் உள்ள பாடசாலைகளுக்கிடையே ஆசிரியர்களைச் சமப்படுத்துவது. துணுக்காய், முல்லைத்தீவு, மடு, வவுனியா வடக்கு என்று ஒவ்வொரு வலயத்துக்கும் தனிப் பணிப்பாளர் உண்டு.

4. மாகாணக் கல்வித் திணைக்களமும் மாகாணக் கல்வி அமைச்சும்: வலயம் விட்டு வலயம் இடமாற்றுவதும் புதிய நியமனங்களை வலயங்களுக்குப் பங்கிடுவதும் இங்கே நடக்கின்றன.

5. ஆளுநர்: மாகாண அரச சேவையின் நியமன, இடமாற்ற அதிகாரம் சட்டப்படி இவரிடம் உள்ளது. அதை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம்.

இந்த ஏணியில் ஒரு படி நெடுங்காலமாகக் காணப்படவில்லை. வடக்கு மாகாண சபைக்கு முதற்தேர்தல் 2013 செப்ரெம்பர் 21ஆம் திகதி நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. ஒட்டுசுட்டானின் பெற்றோர் தங்கள் ஊர் உறுப்பினரைப் பிடித்து, மாகாண சபையில் கல்வி அமைச்சரிடம் கேள்வி கேட்கச் செய்யும் வழி அதனோடு அடைபட்டது. பாராளுமன்ற உறுப்பினர்கள் தலைமை தாங்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் கேட்கலாம்தான். ஆனால் அங்கே வீதி, நீர்ப்பாசனம், காணி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பாடசாலைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வீதி மறியல்கள் ஏன் நிகழ்கின்றன என்று கேட்பவர்கள் இந்த வெறுமையைக் கணக்கில் எடுக்கவேண்டும். கேட்பதற்கென்று அமைக்கப்பட்ட சபை இல்லாத இடத்தில் மக்கள் வீதியில் கேட்கிறார்கள்.

வெற்றிடம் எப்படி உண்டாகிறது?

முதலில் நான்கு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பாடசாலைக்கு எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர் என்று அங்கீகரிக்கப்பட்ட எண்ணிக்கையே ஆளணி. ஆளணியில் நிரப்பப்படாத இடம் வெற்றிடம். இடமாற்றம் பெற்றுச் செல்பவருக்குப் பதிலாக வருபவர் பதிலீடு. ஒரு பாடசாலையின் ஆசிரியரை, அவருடைய நிரந்தர இடத்தை மாற்றாமல், தற்காலிகமாக இன்னொரு இடத்தில் வேலை செய்ய விடுவது இணைப்பு.

இவற்றை வைத்துப் பார்த்தால் வெற்றிடங்கள் பின்வரும் வழிகளில் உண்டாவது தெரியும்.

1. கட்டாயச் சேவைக்காலம் முடிவது. புதிதாக நியமனம் பெறுவோர் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தப்பட்ட பாடசாலைகளில் குறித்த ஆண்டுகள் சேவையாற்றவேண்டும். அந்தக் காலம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பும் உரிமை அவர்களுக்கு உண்டு. வன்னிக்கு வரும் ஆசிரியர்களில் கணிசமானோர் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சேர்ந்தவர்கள். நாள்தோறும் விடியற்காலையில் பஸ் ஏறி மாலை வீடு திரும்பும் அவர்களின் சிரமம் உண்மையானது, அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. குறை, அவர்கள் போகும் திகதி ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தும் பதிலீடு ஆயத்தமாக இல்லாமையே.

2. பாடப் பொருத்தமின்மை. மொத்த எண்ணிக்கையில் ஆசிரியர் போதும் என்று தாளில் தெரியும். உள்ளே பார்த்தால் ஒரு பாடத்துக்கு இருவரும் இன்னொன்றுக்கு ஒருவருமில்லாத நிலையும் இருக்கும். "உங்கள் பாடசாலைக்கு ஆசிரியர் போதுமே" என்று அதிகாரி சொல்வதும், "எங்கள் பிள்ளைக்குக் கணிதம் படிப்பிக்க ஆளில்லை" என்று பெற்றோர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடும்.

3. இணைப்பு. நகரப் பாடசாலைக்கோ அலுவலகத்துக்கோ இணைக்கப்பட்ட ஆசிரியரின் பெயர் கிராமப் பாடசாலையின் ஆளணியிலேயே தொடர்ந்து இருக்கும். இடம் நிரம்பியதாகக் கணக்கு, வகுப்பறையில் ஆளில்லை. மற்ற எல்லாக் காரணங்களையும்விடப் பெற்றோரின் கண்ணுக்கு எட்டாதது இதுதான்.

4. பிரசவ விடுமுறை, நீண்டகால மருத்துவ விடுமுறை, கற்கை விடுமுறை. ஓர் ஆசிரியரே உள்ள பாடத்தில் இவை ஒரு தவணையையே விழுங்கிவிடும்.

5. ஓய்வுபெறல். அறுபதை எட்டுபவரின் திகதி எவருக்கும் தெரிந்ததே.

இடைவெளியை நெடுங்காலம் தாங்கிப் பிடித்தவர்கள் தொண்டராசிரியர்கள். போர்க்காலத்திலும் மீள்குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளிலும் ஊர் இளைஞர்கள், குறிப்பாக உயர்தரம் படித்த பெண்கள், சிறு கொடுப்பனவுக்கோ கொடுப்பனவே இல்லாமலோ வகுப்பறைகளைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய உழைப்பு இல்லாவிட்டால் வன்னியில் பல பாடசாலைகள் மீண்டும் எழுந்திருக்காது. இன்று அந்த ஏற்பாட்டைப் பெற்றோர் தங்கள் பணத்தில் தொடர்வதும் நடக்கிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் மாதந்தோறும் காசு சேர்த்து ஆசிரியருக்குக் கொடுப்பது, 1945இல் தொடங்கிய இலவசக் கல்விக்கு நேர் எதிரானது. தவிர்க்க முடியாமல் அப்படிச் செய்யும் பெற்றோர், அதை அதிபர் மூலம் வலயத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது அவசியம். தெரிவிக்காவிட்டால் வெற்றிடம் மறைந்துபோகும்.

பூட்டின் பலனும் பாதிப்பும்

அமைதியாக ஒன்றுகூடும் உரிமையை அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை உறுதிசெய்கிறது. வன்னி மக்கள் அந்த உரிமையைப் பயன்படுத்திப் பெற்றவையும் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்பிலவில் உள்ள பிலக்குடியிருப்பில், படையினர் வசமிருந்த தங்கள் காணிகளுக்கு முன்னால் 2017 ஜனவரி இறுதியிலிருந்து பெற்றோர் பிள்ளைகளோடு இரவும் பகலும் இருந்தார்கள். மார்ச் முதலாம் திகதி காணி விடுவிக்கப்பட்டது. கடற்படை வசமிருந்த இரணைதீவின் மக்கள் 2017 மே மாதம் தொடங்கிய போராட்டத்தை ஏறத்தாழ ஓராண்டு நடத்தி, 2018 ஏப்ரலில் படகுகளில் சென்று தங்கள் தீவில் இறங்கினார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டம் ஆண்டுகள் பல கடந்தும் பதில் பெறாமல் நீண்டது. இவர்களில் பலரிடம் உறுதிக்காணிப் பத்திரமோ அனுமதிப்பத்திரமோ முறைப்பாட்டு இலக்கமோ பிள்ளையின் புகைப்படமோ இருந்தது. திகதி தவறாமல் பேணப்பட்ட கடிதக்கட்டுகள் இருந்தன. வீதியில் நின்றவர்களின் கையில் ஆவணமும் இருந்தது என்பதைச் செய்திகள் போதிய அளவு சொல்லவில்லை.

பாடசாலைப் பூட்டு இவற்றிலிருந்து வேறுபடுகிறது. பெற்றோருக்கு அன்று கிடைப்பது பெரும்பாலும் இணைப்பு வழியான ஆசிரியர். அவர் எங்கிருந்து வருகிறார்? அதே வலயத்தின் இன்னொரு பாடசாலையிலிருந்து. சத்தம் போடாத, வீதியிலிருந்து இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊரின் பிள்ளைகள் அன்று தங்கள் ஆசிரியரை இழக்கிறார்கள். ஒரு வெற்றிடம் இடம் மாறியதே தவிர நிரம்பவில்லை. பெற்றோருக்கு இது தெரியாது, தெரிந்தால் அவர்கள் அதை ஏற்கவும் மாட்டார்கள். இணைப்புக் காலம் முடிந்து அந்த ஆசிரியர் திரும்பியதும் பழைய நிலை மீள்கிறது, செய்தியும் மீள்கிறது.

ஆகவே கேட்கவேண்டியது, "எங்களுக்கு ஓர் ஆசிரியர் தாருங்கள்" என்பதல்ல. "இந்த வலயத்தின் எல்லாப் பாடசாலைகளின் பாடவாரியான ஆளணியையும், அதில் உண்மையில் வகுப்பறையில் இருப்பவர்களின் எண்ணிக்கையையும் வெளியிட்டு, வெற்றிடங்களை மாகாணத்திலிருந்து நிரப்புங்கள்" என்பதே கேள்வி. இதை ஒரு பாடசாலை தனித்துக் கேட்க முடியாது. அயலில் உள்ள நான்கைந்து பாடசாலைகளின் பெற்றோர் சேர்ந்து கேட்கவேண்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் எதைச் செய்யலாம்?

பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் உறுப்பினராக உள்ள பாடசாலை அபிவிருத்திச் சங்கமே பெற்றோருக்கு முறைப்படி கிடைத்துள்ள மேடை. அதன் தலைவர் பதவிவழியாக அதிபர். இது ஒரு வசதி, ஒரு தடையும்கூட. அதிபர் கையொப்பமிட்ட தீர்மானத்துக்கு அலுவலகத்தில் மதிப்பு உண்டு. அதே அதிபர் தம் மேலதிகாரிகளுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றத் தயங்குவதும் இயல்பு. ஆகவே கடும் கோரிக்கைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் கடிதத் தலைப்பில் அனுப்புவது அதிபரையும் சங்கடத்துக்கு உள்ளாக்காத வழி. இந்தச் சங்கங்கள் பதிவுசெய்யப்பட்டவை. கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் ஏற்கெனவே இவற்றோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவை.

கூட்ட அறிக்கை முக்கியமானது. "ஆசிரியர் பற்றாக்குறை பற்றிக் கலந்துரையாடப்பட்டது" என்ற வரி ஒன்றுக்கும் உதவாது. எந்தத் தரத்துக்கு, எந்தப் பாடத்துக்கு, எந்தத் திகதியிலிருந்து ஆசிரியர் இல்லை, எத்தனை பாடவேளைகள் தவறின, அதிபர் எந்தத் திகதியில் வலயத்துக்கு எழுதினார் என்பவை அறிக்கையில் இருக்கவேண்டும்.

தகவல் அறியும் உரிமை: படிப்படியாக

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மாகாண அமைச்சுகள், திணைக்களங்கள், வலயக் கல்வி அலுவலகங்கள், பிரதேச சபைகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். வன்னிப் பெற்றோரின் கையில் உள்ள கருவிகளுள் இதுவே மிகவும் கூர்மையானது, மிகவும் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுவே.

1. விண்ணப்பத்தை வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு அனுப்பவேண்டும். அப்படி ஒருவர் நியமிக்கப்படாவிட்டால் அலுவலகத் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம், எழுதித் தருவதற்கு உதவுவது அலுவலரின் கடமை.

2. கேள்வி குறுகலாக இருக்கவேண்டும். "வலயத்தின் ஆசிரியர் பற்றாக்குறை பற்றிய தகவல்" என்று கேட்டால் பொதுவான பதிலே வரும். மாறாக இப்படிக் கேட்கலாம்: இன்ன பாடசாலைகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட பாடவாரியான ஆளணி எவ்வளவு? அவற்றின் ஆளணியில் இருந்துகொண்டு வேறு இடத்துக்கு இணைக்கப்பட்டிருப்போர் எத்தனை பேர், எந்தப் பாடத்துக்கு, எந்தத் திகதியிலிருந்து? இந்த ஆண்டுக்குள் இடமாற்றத்துக்கோ ஓய்வுக்கோ உரியவர் எத்தனை பேர்? ஆசிரியர்களின் பெயர் தேவையில்லை. பெயரைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமுண்டு, எண்ணிக்கைக்கு அந்த மறுப்புப் பொருந்தாது.

3. விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகையைக் கட்டாயம் வாங்கவேண்டும். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்கவேண்டும். தர முடிவெடுத்தால், கட்டணம் இருப்பின் அதைச் செலுத்தியதிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் கிடைக்கவேண்டும். காரணம் காட்டி மேலும் 21 நாட்கள் வரை நீடிக்கலாம்.

4. மறுப்போ மௌனமோ கிடைத்தால் 14 நாட்களுக்குள், மேன்முறையீடுகளைக் கேட்பதற்கென்று குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். அதுவும் பயன்தராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

இந்தக் காலக்கெடுக்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு சுற்று முடியச் சில மாதங்கள் ஆகும். வருடாந்த இடமாற்றங்கள் ஜனவரியில் நடைமுறைக்கு வருபவை. ஆதலால் அடுத்த ஆண்டின் ஆசிரியருக்கான விண்ணப்பம் இவ்வாண்டின் நடுப்பகுதிக்கு முன்னரே போய்ச் சேரவேண்டும். மார்கழியில் எழும் கோபத்துக்குக் காலம் கடந்துவிடுகிறது.

நீதியைத் தேடும் கதவுகள்

கல்விக்கான சமவாய்ப்பு அரசியலமைப்பின் 27ஆவது உறுப்புரையில் அரசின் வழிகாட்டிக் கோட்பாடாகக் கூறப்பட்டுள்ளது. அதை நேரடியாக நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12ஆவது உறுப்புரையை வற்புறுத்தலாம். 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாத அவகாசமே உண்டு. கிளிநொச்சியின் ஒரு தாயால் ஒரு மாதத்தில் கொழும்பில் வழக்குத் தொடுப்பது இலகுவல்ல. ஆனால் அந்த மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்கப்படாது. ஆணைக்குழுவுக்கு வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் முறையிடலாம்.

ஆசிரியருக்கு அப்பால்

பிள்ளை வகுப்பறைக்கு வந்துசேர்வதே சில ஊர்களில் போராட்டம். மாரியில் குளங்கள் வான்பாயும்போது தாழ்பாலங்கள் மூடப்படுகின்றன. காட்டோர வீதிகளில் விடியற்காலையில் யானை நிற்கிறது. இவற்றுக்கு வேறு வேறு மேசைகள் உள்ளன. கிராமத்தின் உள்வீதியும் தெருவிளக்கும் பிரதேச சபையின் பொறுப்பு. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின் சபைகளில் ஊர் உறுப்பினர்கள் இருக்கிறார்கள், மாகாண மட்டத்தில் இல்லாத வாய்ப்பு இங்கே உண்டு. மாணவர்களுக்கான சிசுசெரிய பஸ் சேவை தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் திட்டம். யானை பற்றி வனசீவராசிகள் திணைக்களத்துக்கு எழுதவேண்டும்.

இடைவிலகல் இன்னும் ஆழமான விடயம். 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். பாடசாலை வராத பிள்ளைகளைக் கண்டறிந்து சேர்க்கக் கிராம மட்டத்தில் வரவுக் குழு அமைக்கவும் ஒழுங்குவிதிகளில் இடமுண்டு. வராத பிள்ளையின் பின்னால் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் முழுச் சுமையும் இருக்கிறது. கணவனைப் போரில் இழந்த அல்லது காணாமல் ஆக்கப்பட்டவனைத் தேடும் தாய் விடியற்காலையில் வயல் வேலைக்குப் போக, மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கிறாள். இங்கே வழக்கும் தண்டமும் உதவாது. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆகியோர் ஒன்றாக அந்த வீட்டுக்குப் போவதை ஊர் வற்புறுத்தவேண்டும். பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்ற ஐயம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அந்தத் தாயால் பிற்பகல் 2 மணிக்கு நடக்கும் சங்கக் கூட்டத்துக்கு வர முடியாது. வந்தால் அன்றைய கூலி இல்லை. வராத பெற்றோரை அக்கறையற்றவர் என்று குறிப்பது அநீதி. அவர்களுடைய பிள்ளைகளே வெற்றிடத்தால் முதலில் அடிபடுபவர்கள், ஏனெனில் ரியூசனுக்கு அனுப்பவோ நகரத்துப் பாடசாலைக்கு மாற்றவோ அவர்களிடம் பணம் இல்லை. கூட்டத்தைக் கோயில் முன்றலிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ மாலையில் வைத்தால் அவர்களின் குரலும் அறிக்கையில் ஏறும்.

பாடசாலை மூடப்படும் நிலை வந்தால்

நிரப்பப்படாத வெற்றிடங்களின் முடிவு பெரும்பாலும் ஒன்றே. வசதி உள்ள குடும்பங்கள் பிள்ளைகளை நகரத்துக்கு மாற்றுகின்றன. மாணவர் தொகை குறைகிறது. தொகை குறைந்ததால் ஆளணி குறைகிறது, கற்றல் பொருட்களுக்கான தர உள்ளீட்டு நிதியும் குறைகிறது. எஞ்சியவர்களும் கிளம்புகிறார்கள். கடைசியில் மாணவர் இல்லை என்ற காரணம் காட்டி மூடுவதோ வேறொரு பாடசாலையோடு சேர்ப்பதோ பற்றிப் பேச்சு எழுகிறது. ஆசிரியரைக் கொடுக்காமல் மாணவரைக் கலைத்துவிட்டு, மாணவர் இல்லை என்பதைக் காரணமாக்குவதை வன்னிப் பெற்றோர் ஏற்க மறுப்பது முற்றிலும் நியாயமானது. பத்தாண்டுகளின் மாணவர் தொகையையும் அதே ஆண்டுகளின் பாடவாரியான வெற்றிடங்களையும் வருடாந்தப் பாடசாலைக் கணிப்பீட்டுத் தரவுகளிலிருந்து கேட்டுப் பெற்று ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதினால், எது முந்தியது என்பது தெரிந்துவிடும்.

உண்மையாகவே நான்கைந்து பிள்ளைகள் மட்டும் எஞ்சி, வேறொரு பாடசாலையோடு சேர்ப்பதே அவர்களுக்கு நல்லது என்ற நிலையும் வரலாம். அப்போதும் எழுத்தில் பெறவேண்டியவை மூன்று. ஏற்கும் பாடசாலையில் அந்தப் பிள்ளைகளின் பாடங்களுக்கு ஆசிரியர் இருக்கிறார் என்ற உறுதி முதலாவது. மாரியிலும் ஓடும் போக்குவரத்து, அதற்குப் பணம் செலுத்தும் அலுவலகத்தின் பெயர் இரண்டாவது. ஊருக்குச் சனம் திரும்பினால் பாடசாலை மீளத் திறக்கப்படும் என்பதும், அதுவரை கட்டிடமும் காணியும் வேறு எவருக்கும் கையளிக்கப்படாது என்பதும் மூன்றாவது. திகதியும் கையொப்பமும் உள்ள பதில் இந்த மூன்றுக்கும் வரும்வரை பிள்ளைகளின் விடுகைப் பத்திரத்தைக் கேட்டுப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.